நீர்நாயும் தூண்டில் குளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறுகளுக்குத் திரும்பிவரும் விலங்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் நீர்நாயைப் பற்றிய பகுதியை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சியை நான் உறுப்பினராக உள்ள தூண்டில் சங்கத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலை. சங்கம் பராமரிக்கும் குளம் ஒரு ஹெக்டேரைவிடச் சற்றுப் பெரியது. இந்தக் குளிர்காலத்தில் நான்கு பெரிய கெண்டைகள் கரையில் பாதி தின்னப்பட்டுக் கிடந்தன. பிடித்த மீனை எடைபார்த்துவிட்டு நீரிலேயே விட்டுவிடுவது எங்கள் வழக்கம் என்பதால், அந்த மீன்கள் ஒவ்வொன்றையும் உறுப்பினர்கள் பல ஆண்டுகளாக அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளில் குளத்தில் மீனே மிஞ்சாது என்கிறது ஒரு தரப்பு. இயற்கை தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும், நாம் தலையிடக்கூடாது என்கிறது மற்றொரு தரப்பு. அடுத்த பொதுக்குழுவில் வேலி பற்றி வாக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. நீர்நாய் உண்மையிலேயே ஒரு குளத்தின் மீன்வளத்தை எந்த அளவுக்குப் பாதிக்கிறது? நான் எந்தப் பக்கம் கை தூக்குவது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் சங்கத்தின் இரு தரப்பும் பிழையாகவே பேசுகின்றன என்பது என் எண்ணம், அதிலும் இரண்டும் ஒரே இடத்தில் பிழைபடுகின்றன. குளத்தில் மொத்தம் எத்தனை மீன்கள் இருக்கின்றன என்பது ஒரு கணக்கு. தூண்டில்காரர்கள் தேடிவரும் பெரிய மீன்கள் எத்தனை இருக்கின்றன என்பது வேறொரு கணக்கு. நீர்நாய் முதல் கணக்கைப் பெரிதாக அசைப்பதில்லை. இரண்டாவது கணக்கை அது ஒரே குளிர்காலத்தில் குலைத்துவிடக்கூடும்.

முதல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். வளர்ந்த ஐரோப்பிய நீர்நாய் ஒன்று பெரும்பாலும் 6 முதல் 10 கிலோ வரை எடையிருக்கும். நாளொன்றுக்கு அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ, சில நாட்களில் ஒன்றரைக் கிலோ வரை இரை வேண்டும். இதை 365 நாட்களால் பெருக்கி, ஒரு ஹெக்டேர் குளம் இயல்பாகத் தாங்கக்கூடிய சில நூறு கிலோ மீனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பவர் திகைத்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் எந்த நீர்நாயும் ஒரே குளத்தில் ஆண்டு முழுவதும் உண்டு வாழ்வதில்லை. ஆண் நீர்நாயின் எல்லை ஓர் ஆற்றின் போக்கில் 40 கிலோமீட்டர் வரைகூட நீளும், பெண்ணுடையது அதில் பாதியளவு இருக்கும். அந்த நீளத்திலுள்ள ஓடைகளும் குட்டைகளும் கால்வாய்களும் அதற்கு மாறிமாறி உணவிடுகின்றன. விரல்நீளம் முதல் கைநீளம் வரையிலான சிறு மீன்கள், விலாங்கு, இனப்பெருக்கக் காலத்தில் நீர்நிலைகளில் வந்து கூடும் தவளைகள், நன்னீர் நண்டு வகைகள் ஆகியவையே அதன் அன்றாட இரை. சிறு மீன்களில் ஒரு பகுதி போனால் எஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் கூடுதலாகக் கிடைக்கின்றன, அவை விரைந்து வளர்ந்து முட்டையிட்டு ஓரிரு பருவங்களில் இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. எனவே 'குளத்தில் மீனே மிஞ்சாது' என்ற அச்சத்திற்கு அடிப்படை குறைவு. பிடிப்பதற்கு ஆகும் உழைப்பு கிடைக்கும் இரையை விஞ்சத் தொடங்கியதும், நீர்நாய் வேறு நீர்நிலையை நாடிப் போய்விடும்.

இரண்டாவது கணக்குதான் உங்கள் சங்கத்தின் உண்மையான கவலை. கெண்டை குளிர்ரத்த உயிரி. நீரின் வெப்பம் நான்கைந்து பாகைக்கு இறங்கும்போது அதன் உடலியக்கம் மந்தமாகி, குளத்தின் ஆழமான பகுதியில் ஏறத்தாழ அசையாமல், பெரும்பாலும் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். நீர்நாயோ வெப்பரத்த விலங்கு. அடர்ந்த மயிர்ப்போர்வையும் எந்தப் பருவத்திலும் குறையாத வேகமும் உடையது. கலங்கிய நீரிலும் இருளிலும் மீசைமயிர்களால் இரையின் அசைவை உணர்ந்துகொள்வது. கோடையில் அதன் முன்னே மின்னலாய் விலகிப்போகும் பத்துக் கிலோ கெண்டை, தை மாதத்தில் அதற்கு எளிதில் அகப்படும் பெரிய இரை. கரைக்கு இழுத்து வந்தபின் அது தொடங்கும் இடம் பெரும்பாலும் செவுளுக்குக் கீழே, மார்புத் துடுப்புகளுக்கு இடைப்பட்ட மென்மையான பகுதிதான். அங்கே கிழித்து ஈரலையும் இதயத்தையும் தொண்டைப் பகுதித் தசையையும் தின்றுவிட்டு, உடலின் பெரும்பகுதியைப் புல்லில் சிதறிய செதில்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போய்விடும். குருத்துக்காக வாழையையே சாய்க்கும் யானையைப்போலத்தான் இதுவும். ஒரு கிலோ உணவுக்காகப் பத்துக் கிலோ மீன் போய்விடுகிறது என்பதால், 'நாளுக்கு ஒரு கிலோ' என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் குளத்தில் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட கெண்டைகள் முப்பது இருப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர் மிகுந்த மூன்று மாதங்களில் வாரத்திற்கு ஒன்று போனாலே பன்னிரண்டு போய்விடும். குளத்தின் மொத்த எண்ணிக்கையில் அது கண்ணுக்கே தெரியாத குறைவு, பெரிய மீன்களிலோ ஐந்தில் இரண்டு பங்கு. அந்த இழப்பை எந்த இனப்பெருக்கமும் விரைவில் ஈடுகட்டாது. பெண் கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிடும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த நாடுகளில் அந்த முட்டைகளிலிருந்து வளர்ந்து நிலைப்பவை மிகச் சில, அவற்றில் ஒன்று பத்துக் கிலோவை எட்டப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். பிடித்துப் பிடித்து விடப்பட்டு, முப்பது ஆண்டு வாழ்ந்த மீன் ஒன்று போய்விட்டால், அந்த இடத்தில் பணம் கொடுத்து வேறொன்றை வாங்கி விடலாம், அதன் வயதை வாங்க முடியாது.

இயற்கை சமன்செய்துகொள்ளும் என்று சொல்லும் நண்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஆற்றில் அந்த வாதம் செல்லும், ஏனென்றால் அங்கே இரை குறைந்தால் வேட்டைவிலங்கும் குறையும். தூண்டில் குளத்தில் இருக்கும் மீன்களின் அளவைத் தீர்மானிப்பது இயற்கை அன்று, சங்கத்தின் சந்தாப் பணமும் அது வாங்கி விடும் மீனும்தான். ஆற்றை நம்பி வாழும் ஒரு விலங்கு கூடுதல் விருந்துக்காகக் குளத்திற்கு வருகிறது. குளம் வறண்டுபோனாலும் அது பட்டினி கிடக்கப்போவதில்லை, ஆகவே சமன்படுத்த அங்கே எதுவும் இல்லை.

இந்தச் சிக்கல் எப்படி உருவானது என்பதற்கு இங்கிலாந்தே நன்கு பதிவான சான்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்ட்ரின், ஆல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் நீரில் கலந்து மீன்கள் வழியாக நீர்நாய்களின் உடலில் சேர்ந்தன, அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. 1977 முதல் 1979 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில், பார்வையிட்ட இடங்களில் 6 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றிலேயே அவற்றின் தடயம் இருந்தது. 2009-10 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 59 விழுக்காடு. 2011இல் கென்ட் மாவட்டத்திலும் அவை தென்பட்டதோடு, இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் அவை திரும்பிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அவை இல்லாதிருந்த அந்த இடைக்காலத்தில்தான் பெருங்கெண்டைக் குளங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்தன, வேலி என்ற எண்ணமே யாருக்கும் எழாத காலத்தில் அவை தோண்டப்பட்டன. போதாக்குறைக்கு, 1980களிலிருந்து ஐரோப்பியக் கரைகளுக்கு வந்துசேரும் விலாங்குக் குஞ்சுகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. பிடித்த இரை அருகிப்போன ஆற்றிலிருந்து வரும் விலங்குக்கு, மீன் நெருக்கமாக நிறைந்த, ஒளிவதற்கு ஒரு கிளைகூட இல்லாத குளம் எப்படித் தெரியும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நீர்நாயின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் அதில் பெருங்கெண்டையின் எலும்பு அரிதாகவே இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சான்றை நான் அதிகம் நம்புவதில்லை. பெரிய மீனின் ஈரலையும் சதையையும் மட்டும் தின்ற விலங்கின் எச்சத்தில் அதன் எலும்பும் செதிலும் எப்படி வரும்? இந்த ஒரு விஷயத்தில் தூண்டில்காரர்களின் கண்ணே நல்ல சான்று.

அதே கண் வேறு இடங்களில் ஏமாறுவதும் உண்டு. கரையில் கிடக்கும் ஒவ்வொரு மீனையும் நீர்நாயே கொன்றது என்று கொள்ள முடியாது. நோயாலோ, கோடையின் விடியற்காலையில் உயிர்வளி குறைந்ததாலோ செத்து மிதக்கும் மீனை நரியும் தின்னும், நீர்நாயும் தின்னும். கால்கிலோ, அரைக்கிலோ மீன்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தால் முதலில் நீர்க்காகத்தைச் சந்தேகியுங்கள், அது நாளுக்கு அரைக்கிலோ மீனைக் கூட்டமாக வந்து விழுங்கும் பறவை. இன்னொன்று, நீர்நாய் நடமாடும் குளத்தில் மீன்கள் மிரண்டு ஆழத்திலும் புதரோரங்களிலும் ஒடுங்கி, இரையெடுப்பதையே குறைத்துக்கொள்ளும். தூண்டிலில் மீன் சிக்காமல் போவதைக் குளத்தில் மீன் இல்லாமல் போனதாக எண்ணிவிட வேண்டாம். குளிர்காலத்தில் இப்படித் திரும்பத்திரும்ப மிரளும் மீன், வசந்தம் வரை தாங்கவேண்டிய சேமிப்பைச் செலவழித்துவிட்டு மெலிந்துபோகிறது. கரையில் பிணம் கிடக்காததால் யாரும் கணக்கில் சேர்க்காத இழப்பு இது. வசந்தத்தில் ஒருமுறை இழுவலை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பெரிய மீன்கள் எஞ்சியுள்ளன என்பதை ஊகமின்றி அறிய அதைவிட நேரான வழியில்லை.

நீர்நாயைக் கொல்வதோ பிடிப்பதோ ஐரோப்பாவின் பெரும்பகுதியில் குற்றம். இங்கிலாந்தில் வேலியிட்ட குளத்திற்குள் சிக்கிக்கொண்ட நீர்நாயை உயிரோடு பிடித்து வெளியே விடுவதற்கு மட்டும், பயிற்சி பெற்றவர்களுக்கு உரிமம் தரப்படுகிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், ஓர் எல்லையின் உரிமையாளரை அகற்றினால் அந்த எல்லைக்கு இன்னொன்று வந்துவிடும் என்பதால் கொல்வதால் பயனில்லை. இருபது ஹெக்டேர் ஏரி என்றால் வேலியையும் நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். நீருக்குள் மரக்கிளைகளை அமிழ்த்தியும் நாணலை வளர்த்தும் மீன்களுக்கு ஒளிவிடம் தருவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். உங்கள் குளம் சிறியது, அதனால் வேலிக்கே கை தூக்குங்கள். ஆனால் எந்த வேலிக்கு என்பதைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள். கம்பிவலையின் அடிப்பகுதி வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்நாய் அடியில் தோண்டி நுழையும். மேல்விளிம்பு வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறி வரும். மின்கம்பி போதும் என்று யாராவது சொன்னால், அதைத் தொடும் புல்லை வாரந்தோறும் வெட்டப்போவது யார் என்று கேளுங்கள். பெரும்பாலான வேலிகள் தோற்பது நடுவில் அன்று, வாயிற்கதவின் அடியிலும் நீர்வரத்துக் குழாயிலும்தான். அந்த இரண்டுக்கும் தனியாகச் செலவுக்கணக்கு காட்டாத மதிப்பீடு பொதுக்குழுவுக்கு வந்தால், அதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.