வன்னியில சின்னதா ஒரு வரிக்கணக்கு ஒபிஸ் நடத்துறது எப்பிடி இருக்கும்?

கேள்வி கேட்ட தங்கச்சி எச்என்டிஏ (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடிச்சிட்டு மல்லாவியில சொந்தமா ஒபிஸ் போடலாமோ, நாளாந்தம் என்ன கரைச்சல் வரும் எண்டு கேட்டிருக்கிறா. நான் கிளிநொச்சியில 2018இல இருந்து இதைத்தான் செய்யிறன், ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், நவம்பரில மட்டும் உதவிக்கு ஒரு பிள்ளை வரும், அவ்வளவுதான் என்ர ஒபிஸ்.

தங்கச்சி, கணக்குப் பாக்கிறது கஷ்டமே இல்லை. படிச்சதை வைச்சு ரெண்டு மாசத்தில பிடிச்சிடுவீங்கள். கஷ்டம் முழுக்க கடதாசியிலதான். எங்கட சனத்திட்டக் கடதாசி இல்லை, இருக்கிறதும் ஒண்டோட ஒண்டு பொருந்தாது.

பேரை எடுங்கோ. அடையாள அட்டையில ஒரு மாதிரி, பாங்க் புத்தகத்தில இன்னொரு மாதிரி, வியாபாரப் பதிவில தேப்பன்ர பேர் முன்னுக்கும் இவரின்ர பேர் பின்னுக்கும், இங்கிலீஷ் எழுத்தில ஒரு ஏ கூட ஒரு எச் குறைய. அட்டை நம்பரும் அப்பிடித்தான், பழைய அட்டை ஒன்பது இலக்கமும் வி எழுத்தும், புது அட்டை பன்ரெண்டு இலக்கம், ஒரு பாங்கில பழசு கிடக்கும் மற்றதில புதுசு கிடக்கும், வட்டியில வெட்டின வரிக்கு சேர்ட்டிபிக்கட் எடுக்கப் போனா ஒரே ஆள் ரெண்டு ஆளா நிப்பார். இதுகளைத் திருத்தத்தான் என்ர பாதி நாள் போகுது.

பேந்து டின் நம்பர், அதுதான் வரிக்குப் பதியிற ஆளுக்குக் குடுக்கிற அடையாள இலக்கம். 2024 தொடக்கத்தில 18 வயசு தாண்டின எல்லாரும் பதியோணும் எண்டு வந்த நேரம் சனம் பயந்துபோய் பக்கத்துக் கொமினிகேசன் கடையில, தெரிஞ்ச பெடியனிட்ட எண்டு கிடைச்ச இடத்தில பதிஞ்சுபோட்டு வந்திட்டினம், குடுத்த போன் நம்பரும் ஈமெயிலும் கடைக்காரன்ர. இப்ப ரிட்டேர்ன், அதுதான் வருச வருமான வரி அறிக்கை, போடுறதுக்கு PIN எண்ட ரகசிய நம்பர் எடுக்கப் போனா மெசேஜ் அந்த ஈமெயிலுக்குப் போகுது, கடை பூட்டி ரெண்டு வருசம், பெடியன் எங்கையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் இப்பிடி மட்டும் பதினொரு பேர் என்னட்ட வந்தவை. அதால நீங்கள் பதிஞ்சு குடுக்கேக்க அவையின்ர சொந்தப் போன் நம்பரைத்தான் போடுங்கோ, போன் இல்லாத அம்மாவெண்டா கூட இருக்கிற மகளின்ர நம்பர், உங்கட நம்பரை ஒருக்காலும் போடாதேங்கோ. டின் எடுத்தா உடன வரி கட்டோணும் எண்டு இப்பவும் கனபேர் நினைக்கினம், அது வெறும் பதிவு நம்பர்தான், வருமானம் எல்லையைத் தாண்டினாத்தான் வரி எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஆறுதலா இருந்து சொல்லோணும்.

அந்த எல்லையும் ஒரு இடத்தில நிக்கிறேல்ல. நான் தொடங்கேக்க, இலங்கையின்ர 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்த புதுசு, ஆளுக்கு வருசம் 5 லட்சம் மட்டும் வரி இல்லை. 2020இல அதை 30 லட்சமாக்கிச்சினம், என்ர ஆக்கள் முக்கால்வாசிப் பேர் வாறதையே விட்டிட்டினம், நான் டியூசன் குடுத்துத்தான் வாடகை கட்டினனான். 2023இல 12 லட்சமாக் குறைச்சுது, 2025 ஏப்ரலில இருந்து 18 லட்சம். ஒரு பலசரக்குக் கடை அண்ணைக்கு வருச லாபம் 21 லட்சம் எண்டு வையுங்கோ. 2024/25க்கு 12 லட்சம் கழிச்சா மிச்சம் 9 லட்சம், முதல் 5 லட்சத்துக்கு 6 வீதம் 30,000, மற்ற 4 லட்சத்துக்கு 12 வீதம் 48,000, எல்லாமா 78,000 ரூபாய். அடுத்த வருசம் அதே லாபத்துக்கு 18 லட்சம் கழிச்சு 3 லட்சத்துக்கு 6 வீதம், 18,000தான். அப்ப போன வருசம் என்னட்டக் கூட எடுத்துப்போட்டியோ தம்பி எண்டு கேக்கிறார், கேக்கத்தானே செய்வார். இதைக் கடதாசியில எழுதிக் காட்டி விளங்கப்படுத்திற பொறுமை உங்களுக்கு வேணும், விளங்காத ஆள் அடுத்த வருசம் வராது.

இன்னொரு விசயம், விற்பனையையும் லாபத்தையும் போட்டுக் குழப்புறது. பாங்கில வருசம் ஒண்டேகால் கோடி ஏறியிருக்கும், அதைப் பாத்து அவரே பயந்துபோய் நிப்பார், சரக்கு வாங்கின காசைக் கழிச்சுப் பாத்தா 11 லட்சம் லாபம் வரும். ஆனா வாங்கின பில் எங்கை? லொறியில வாற ஆள் துண்டில எழுதிக் குடுத்தது, அது எலி அரிச்சது, இல்லாட்டி கடன் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில பென்சிலில கிடக்கு. கணக்குப் புத்தகத்தை அஞ்சு வருசம் வைச்சிருக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது.

இப்ப நான் மனசு கனத்துச் சொல்லுற விசயம். ரிட்டேர்னோட சொத்து, கடன் விபரமும் குடுக்கோணும், காணி எப்ப வாங்கினது, என்ன விலை, வீடு எப்ப கட்டினது எண்டு கேக்கும். விசுவமடுவில இருந்து வந்த ஒரு ஐயாவிட்ட இதைக் கேட்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, பெட்டியோட 2009இல போச்சு தம்பி எண்டார். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கிறது? அண்டைக்கு ரீ குடிச்சுப்போட்டு வேற கதை கதைச்சு அனுப்பினன், மற்றக் கிழமை நானே அவரைக் கூட்டிக்கொண்டு டிஎஸ் ஒபிசுக்கு, அதுதான் பிரதேச செயலகத்துக்குப் போனன். எங்கட பக்கம் கனக்கக் காணி அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்த பெர்மிட் காணி, பெர்மிட் துலைஞ்சாலும் டிஎஸ் ஒபிஸ் லெட்ஜரில பதிவு இருக்கும், உறுதிக் காணியெண்டா காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாம். இதை முதலே தெரிஞ்சு வைச்சுக்கொண்டு கேளுங்கோ தங்கச்சி, வழி ஒண்டும் சொல்லாமல் வெறுமனே பத்திரம் எங்கை எண்டு கேட்டா அந்தச் சனத்துக்கு யுத்தகால நினைவெல்லாம் திரும்பி வரும். நான் முதல் ரெண்டு வருசம் அப்பிடித்தான் கேட்டிருக்கிறன், இப்ப நினைச்சாலும் கவலைதான்.

வெளிநாட்டுக் காசும் பெரிய தலையிடி. தமையன் கனடாவில, மகள் சுவிசில, அவை அனுப்பின காசிலதான் வீடு எழும்பியிருக்கும். சொந்தக்காரர் உதவியா அனுப்புற காசு வருமானம் இல்லை, அதுக்கு வரியும் இல்லை. ஆனா வருசம் 10 லட்சம் உழைக்கிறன் எண்டு காட்டின ஆள் 80 லட்சத்துக்கு வீடு கட்டியிருந்தா எங்காலை காசு எண்டு கேள்வி வரும். பாங்கால வந்திருந்தா ஸ்லிப் இருக்கு, பிரச்சினை இல்லை. உண்டியலால, அதுதான் பாங்க் இல்லாமல் ஆள் மூலமா, வந்திருந்தா ஒரு துண்டும் இல்லை, நானும் ஒண்டும் செய்யேலாது. என்னட்ட வாற எல்லாருக்கும் நான் முதல் சொல்லுறது, அண்ணையைப் பாங்கால அனுப்பச் சொல்லுங்கோ, அந்த ஸ்லிப்பைச் சாமிப்படத்துக்குப் பின்னாலயாவது பத்திரமா வையுங்கோ எண்டுதான்.

லாபத்தைக் குறைச்சுப் போடச் சொல்லிக் கேப்பினம், அது நிச்சயம் வரும். அதே ஆள் மூண்டு மாசத்தில உழவு மெசின் லீசிங்குக்கு வந்து லாபத்தைக் கூட்டிப் போட்டு ஒரு கணக்குத் தாங்கோ எண்டு நிப்பார். நான் ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தான் குடுக்கிறது. அதால நல்ல ஆக்கள் நாலஞ்சு பேரை இழந்தனான், ஒருத்தர் சொந்தத்துக்குள்ள, நல்லது கெட்டதுக்கும் இப்ப கதைக்கிறேல்ல. ஆனா ஒருக்கால் மாத்திக் குடுத்தீங்களெண்டா அந்த ஊருக்கே தெரியும், பிறகு வாற எல்லாரும் அதைத்தான் கேப்பினம், கையெழுத்து அவையின்ரயா இருந்தாலும் இறைவரித் திணைக்களத்தில இருந்து கடிதம் வரேக்க உங்களிட்டத்தான் ஓடி வருவினம். அந்தக் கடிதமும் பெரும்பாலும் இங்கிலீஷில வரும், வாசிச்சுச் சொல்லுறதும் உங்கட வேலைதான், அதுக்குக் காசு கேக்க மனம் வராது.

திகதியளைச் சுவரில எழுதி ஒட்டுங்கோ. வரி வருசம் ஏப்ரல் 1 தொடக்கம் மார்ச் 31, தவணைக் காசு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15, மிச்சக் காசு செப்ரெம்பர் 30, ரிட்டேர்ன் நவம்பர் 30. எங்களுக்கு நவம்பர் எண்டா மாரி, காலபோக (மாரிகால) நெல் விதைச்சுப்போட்டுச் சனம் வயலுக்க நிக்குது, மாசக் கடைசியில மாவீரர் நாள், அந்தக் கிழமை ஒருத்தரும் கணக்குக்கு வராயினம். 2024 நவம்பர் கடைசியில வெள்ளம் வந்து கரண்டும் இல்லை நெட்டும் இல்லை, நான் போன் சார்ஜ் பண்ண உறவுக்காரர் வீட்டு ஜெனரேட்டரைத் தேடிப் போனனான். ரிட்டேர்ன் குடுக்காமல் விட்டா தண்டம் 50,000இல தொடங்கி மாசம் பத்தாயிரமா ஏறி 4 லட்சம் மட்டும் போகலாம், அதால பிந்திறதை விளையாட்டா எடுக்கேலாது. நான் ஒக்டோபர் 31க்குப் பிறகு புது ஆக்களை எடுக்கிறேல்ல.

கட்டணம் பாதி முதல், பாதி முடிய. கடன் சொல்லிப் போறவை சிறுபோகம் வெட்டித்தான் தருவினம், அதை எதிர்பாத்துத்தான் இருக்கோணும்.

போடுறதெண்டா ஏப்ரலில போடுங்கோ, நவம்பரில இல்லை. ஏப்ரலில கடை கடையாப் போய் ஆளுக்கொரு சீஆர் கொப்பி, அந்தத் தடிச்ச மட்டைக் கொப்பிதான், குடுத்து, வந்தது, போனது, வீட்டுக்கு எடுத்தது எண்டு மூண்டு கோடு போட்டுக் காட்டுங்கோ. பரந்தனில ஒரு ஹாட்வெயார் அண்ணைக்கு எழுத நேரமில்லை, அக்காதான் ராவில சமைச்சு முடிச்சு எழுதுறவ, இப்ப அவையின்ர கணக்கு எனக்கு ஒரு பின்னேரத்து வேலை. கிளிநொச்சிப் பக்கம் வந்தா அந்தக் கொப்பி ஒண்டு தாறன், பாத்து அதே மாதிரிக் கோடு அடியுங்கோ.