ஆம்பல் இலைய வெட்டுறது யாரு?

கேள்வி: இங்கிலாந்துல மகள் வீட்டுத் தோட்டத்துக் குளத்துல ஆம்பல் இலையெல்லாம் ஓரத்துல முட்டை வடிவத்துக்கு கத்திரிக்கோல் வச்சு நறுக்கின மாதிரி இருக்கு. அதே அளவு துண்டு ஒண்ணு தண்ணில மிதந்துச்சு, எடுத்துப் பாத்தா உள்ள புழு! மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்து மட்டும் வேண்டாங்க, ப்ளீஸ். குளத்துல இருக்கற மத்த உசுரும் சேர்ந்து போயிடும். அது பிரௌன் சைனா மார்க்ங்கற அந்துப்பூச்சியோட புழுவாத்தான் இருக்கும். எலோஃபிலா நிம்ஃபேயேட்டான்னு அறிவியல் பேரு, சுவீடன் நாட்டு அறிவியலாளர் லின்னேயஸ் 1758லயே பேரு வச்சு பதிவு பண்ணது, அந்த நிம்ஃபேயேட்டாவே ஆம்பலோட அறிவியல் பேரான நிம்ஃபேயால இருந்து வந்ததுதான். ஐரோப்பாவுல குளம், சதுப்பு, மெதுவா ஓடுற வாய்க்கால்னு எல்லா இடத்துலயும் இருக்கும்.

அந்துப்பூச்சின்னா விளக்கைச் சுத்துறது, துணிய அரிக்கறதுன்னு மட்டும்தான் நமக்குத் தெரியும், ஆனா இதோட புழுப்பருவம் முழுக்க தண்ணிலதான். தாய்ப்பூச்சி மிதக்கற இலையோட அடிப்பக்கம் முட்டை வைக்கும், பொரிச்ச குட்டிப்புழு மொதல்ல இலைக்குள்ளயே குடைஞ்சு தின்னும், அப்புறம் வெளிய வந்து இலைய நறுக்கி பட்டு நூலால ஒட்டி கூடு கட்டிக்கும். நீங்க எடுத்தது அந்த வீட்டைத்தான்!

மூச்சு எப்படின்னு யோசிப்பீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான். சின்னதா இருக்கறப்ப கூட்டுக்குள்ள தண்ணி நிறைஞ்சிருக்கும், தோல் வழியாவே மூச்சு. வளர்ந்தப்புறம் உடம்பு தண்ணி ஒட்டாத மாதிரி மாறிடும், கூட்டுக்குள்ளயும் தண்ணிக்குப் பதிலா காத்து, அதனால தண்ணிக்குள்ள இருந்தாலும் அது நனையறதே இல்ல. குளிர்காலத்தையும் புழுவாவே தாண்டிடும்.

நம்ம நெல் வயல்ல இலைய நறுக்கி குழல் மாதிரி கூடு செஞ்சு மிதக்குமே கூண்டுப்புழு, அது இதுக்கு சொந்தக்காரன்தான், அதுக்கு செவுள்கூட உண்டு. இன்னொரு சொந்தம் அசென்ட்ரியா எஃபெமரெல்லா, அதுல பெரும்பாலான பெண் பூச்சிக்கு பறக்கற றெக்கையே கிடையாது, வளர்ந்தப்புறமும் தண்ணிக்குள்ளயே நீந்திட்டு இருந்து ஆணோட சேர மட்டும் மேல வரும்.

இலை கொஞ்சம் அசிங்கமா தெரியும், அவ்வளவுதான், ஆம்பல் புது இலை விட்டுக்கும். நறுக்கின இலையப் பிச்சுப் போடாதீங்க, அடியில முட்டை இருக்கலாம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பொழுது சாயறப்ப குளக்கரைல நின்னு பாருங்க, வெள்ளை றெக்கைல பழுப்புக் கோலம் போட்ட மாதிரி சின்னப் பூச்சி செடி மேல பறக்கும். அதுதான் நீங்க கையில எடுத்த ஆளு.