போர் தண்ணீர்க் கறை கார் பெயிண்டை விட்டுப் போக என்ன செய்வது?

சேலத்தில் வீட்டு போர் தண்ணீரில் கார் கழுவுகிறீர்கள். பானெட்டில் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு, ஷாம்பூ போட்டும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அழுக்கு இல்லை. தண்ணீர் காய்ந்ததும் தங்கிப்போன கால்சியம், மெக்னீசியம் உப்பு. ஷாம்பூவுக்கு அசையாது, லேசான அமிலத்துக்குக் கரையும். காரை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறும் வரை விடுங்கள். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துத் திட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். அழுத்தித் தேய்க்கவே கூடாது, மணல் துகள் இருந்தால் கீறல் விழும். அப்புறம் ஷாம்பூ தண்ணீரில் கழுவி, அலசி, உடனே ஈரம் போகத் துடையுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் செய்து பாருங்கள்.

திட்டு போயும் அதன் வட்டம் மட்டும் குழியாகத் தெரிகிறதா? பெயிண்டின் மேல் இருக்கும் 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத பூச்சையே உப்பு அரித்துவிட்டது. அதற்குப் பாலிஷ்தான் வழி. ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த மெல்லிய பூச்சில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கும், அடிக்கடி வேண்டாம்.

இனி வெயிலில் கழுவாதீர்கள். மாடியில் மழைநீர் பிடித்து வைத்திருந்தால், கடைசி அலசலுக்கு அதையே ஊற்றுங்கள்; அதில் உப்பு மிகக் குறைவு.