திரையில் கட்டிய வீட்டில் நம்பிக்கையை அளக்க முடியுமா?

கேள்வி: ஸ்மார்ட் வீட்டை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நிஜ வீட்டில் சென்சார் பொருத்தப் பணமில்லை. கணினி விளையாட்டுகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் ஒரு வீட்டைச் செய்து, பிரவுசரில் திறக்கும் லிங்காக அனுப்பிச் சோதித்தால் செல்லுமா?

பதில்: செல்லும். ஆனால் அதிலிருந்து என்ன முடிவு சொல்லப் போகிறீர்கள் என்பதில் கறாராக இருங்கள்.

2016-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டடத்தில் செயற்கைப் புகையைப் பரப்பி, அலாரம் ஒலிக்கவிட்டு, ரோபோ ஒன்றை வழிகாட்ட நிறுத்தினார்கள். அந்த ரோபோ சற்றுமுன் வழி தவறியதைப் பாதிப் பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். இருந்தும் 26 பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். முந்தைய கணினிச் சோதனைகளிலோ, தவறு செய்த ரோபோவை மக்கள் நம்பவில்லை. திரையில் புகை கண்ணை எரிக்காது, உயிர்ப்பயமும் இல்லை. அதனால் 'இத்தனை சதவீதம் பேர் நம்புவார்கள்' என்று எழுதாதீர்கள். காரணம் சொல்லிக் கதவைப் பூட்டும் வீடு, சொல்லாமல் பூட்டும் வீடு என இரண்டை ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்குத் திரை போதும்.

கருத்தைக் கேட்பதோடு நிற்காமல் நடத்தையைப் பதிவு செய்யுங்கள். "அடுப்பை அணைத்துவிட்டேன்" என்கிறது வீடு. சோதனையில் பங்கேற்பவர் சமையலறைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறாரா? எத்தனை வினாடி கழித்து? என்னைக் கேட்டால், ஆய்வின் உயிரே இந்தப் பதிவுதான். சிலமுறை அப்படிச் சொன்ன பிறகும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எப்போதும் சரியாகச் செய்யும் வீட்டில் நியாயமான நம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் பிரித்தறிய முடியாது. கவனிக்காமல் விட்டால் ஊக்கத்தொகையில் கொஞ்சம் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிப்படைத் தொகையில் கை வைக்க வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் இணைய வேகம். சுவிட்சைத் தொட்டு இரண்டு வினாடி கழித்து விளக்கு எரிந்தால், அவர் தன் நெட்டைக் குறை சொல்லமாட்டார். வீடு சரியில்லை என்பார். எல்லாக் காட்சியும் இறங்கிய பிறகே சோதனை தொடங்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஏற்பட்ட தாமதத்தையும் சேமியுங்கள்.

கேள்வித்தாளுக்கு தானியங்கி அமைப்புகள் மீதான நம்பிக்கையை அளக்க ஜியான் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட 12 கூற்றுகள் கொண்ட அளவுகோல் உதவும். அதில் எதிர்மறைக் கூற்றுகள்தான் முதலில் வரும். வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். தமிழில் கேட்பதானால் இன்னொரு சிக்கல்: 'நம்பிக்கை' என்றால் தன்னம்பிக்கையும் வரும், கடவுள் நம்பிக்கையும் வரும். 'இந்த வீட்டை நம்பிக் கதவைப் பூட்டாமல் தூங்கப் போவேன்' என்பதுபோலச் செயலாக எழுதி, ஐந்தாறு பேரிடம் முதலில் வாசிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.