நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, எந்தப் பயனும் இல்லாமல் சும்மா ஓர் உடல் சவாலை எடுத்தவர்கள் உண்டா?

உண்டு. நான் எடுத்திருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. பரிசில்லை, பதக்கமில்லை, வைத்தியரும் சொல்லவில்லை என்றால் எதற்காகச் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆசை.

எனக்கு வயது 48. கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். இலங்கையின் மலையகத்தில் ‘பீக்கோ டிரெயில்’ என்றொரு நடைபாதை இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் பழைய வண்டிப் பாதைகளையும் குறுக்குப் பாதைகளையும் ஒன்றாகக் கோத்து அமைத்தது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 பகுதிகள், ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதை முழுவதுமாக நடந்துவிடுவதுதான் என் விளையாட்டு. வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் பையுடன் வந்து ஒரே மூச்சில் நடக்கிறார்கள். நானும், வங்கியில் வேலை செய்யும் என் நாத்தனாரும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் பாடசாலை விடுமுறையிலும் துண்டு துண்டாக நடக்கிறோம்.

விதிகளை நாங்களே வகுத்துக்கொண்டோம். ஒரு பகுதியை விட்ட இடத்திலிருந்தே அடுத்த முறை தொடங்க வேண்டும். இடையில் எவ்வளவு பாசத்தோடு ஆட்டோவை நிறுத்தி அழைத்தாலும் ஏறக் கூடாது. நேரம் பார்க்கக் கூடாது. ஒரு முறை பூண்டுலோயாப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் லொறியை நிறுத்தி, இரண்டு பெண்கள் வெயிலில் நடக்கிறார்களே என்று மிகவும் வருந்தி ஏறச் சொன்னார். நாங்கள் மறுத்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த விதிகளால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. கிட்டிப்புள் ஆட்டத்துக்கும் விதி இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன நன்மை?

எங்கள் ஊரில் இது ஏன் வேடிக்கையாகத் தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே மலை ஏறுவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தே வந்திருக்கிறது. தேயிலைக்கு முந்தைய கோப்பித் தோட்டக் காலத்தில் எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள், வழியிலேயே பலர் இறந்தும் போனார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகு ஏறியவர்கள் கொழுந்துக் கூடையோடு ஏறினார்கள். சிவனொளிபாத மலைக்கு ஏறுபவர்களுக்கோ நேர்த்தி இருக்கும், அல்லது பருவகாலத்தில் ஊரே போகிறது என்ற காரணமாவது இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல், மனத்திலும் ஒன்றும் இல்லாமல் ஏறுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

அதனால் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, கடக்கும்போது எங்களை விசாரிக்காமல் விடுவதில்லை. “யார் வீட்டு விசேஷத்துக்கு டீச்சர் போகிறீர்கள்?” என்பார்கள். விசேஷம் இல்லை என்றால், “நேர்த்திக்கடனா?” அதுவும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, “சீனி வியாதியா அம்மா?” சும்மா நடக்கிறோம் என்று சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை. நாத்தனார் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், சீனி வியாதிதான் என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். அதில் ஒரு சிக்கல் வந்தது. பாலில்லாத பிளேன்டீக்கு யாரும் சீனி தருவதில்லை.

என் அம்மா ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி. பெயர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்க, வேண்டுமென்றால் 18 கிலோ பறிக்க வேண்டும் என்ற கணக்கில் இத்தனை வருடமும் ஏறி இறங்கியவர். நான் இதைத் தொடங்கியபோது, “கால் வலிக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசை இருந்தால், அன்றைக்கே என் கூடையைத் தூக்கியிருக்கலாமே” என்றார். அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. நான் சும்மா ஏறுவதற்கு என் மாதச் சம்பளமும், அவர் சுமந்த கூடையும் தேவைப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முதல் விசாரணை அவருடையதுதான்: பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து எப்படி, மலையில் புல் மண்டிக் கிடக்கிறதா, அங்கே கொழுந்து நிறுக்கும் மடுவம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? காட்சி எப்படி இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் நடையாக இதை மாற்றலாமே என்று பாடசாலையில் ஒரு சகாசிரியர் யோசனை சொன்னார். நல்ல மனம்தான், ஆனால் மறுத்துவிட்டேன். படித்தது குடும்பத்துக்காக, வேலை பிள்ளைகளுக்காக, சீட்டுக் கட்டியது கல்யாணத்துக்காக. இந்த ஒன்றாவது எதற்காகவும் இல்லாமல் இருக்கட்டும். கணக்குக் காட்ட வேண்டிய ஆள் யாரும் இல்லாததால்தான், மழை வந்தால் பாதியில் திரும்பி பஸ் ஏறும்போது எனக்குத் துக்கமே வருவதில்லை.

இனி உடம்பு விஷயம். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், வயது தெரிவது இறங்கும்போது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் வலி அன்றைக்கு வராமல் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து, படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்க வைக்கிறது. நடைக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே இறக்கத்தில் நடந்து பழகுங்கள். கையில் ஒரு கொய்யாக் கம்பு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி. ஏற்கெனவே மூட்டு வலியோ நெஞ்சு வலியோ இருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

காலம் பார்ப்பது அதைவிட முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட் பக்கத்தை நனைத்து எடுத்துவிடும். அந்த மாதங்களில் ஊவாவில், அதாவது அப்புத்தளை, எல்ல பக்கம், வெயிலும் காற்றும்தான். வருடக் கடைசியில் மழை ஊவாவுக்குப் போகும். தையும் மாசியும் எங்கள் பக்கம் நடக்க உகந்தவை. ஆகவே வரிசையாக நடந்து முடிப்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள். நாங்கள் இரு பக்கத்திலும் ஒவ்வொரு ‘விட்ட இடம்’ வைத்திருக்கிறோம். மண்சரிவு நடந்த இடங்களில் பாதை இருக்கிறதா என்று முதலில் தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள், கைப்பேசி வரைபடத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் காலுறையில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்ளலாம். அட்டை கடித்து யாரும் சாகப்போவதில்லை. குளவி அப்படியில்லை, தோட்டங்களில் குளவி கொட்டி உயிரே போயிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரியும். அவர்கள் சுற்றிப் போ என்றால் சுற்றித்தான் போக வேண்டும்.

அடுத்து எங்களுக்கு டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஏறும் பகுதி இருக்கிறது. குளிரும், ஏற்றமும் கடுமை. மாசியில் போவதாக இருக்கிறோம். நாத்தனார் அதற்குப் புதுச் சப்பாத்தே வாங்கிவிட்டாள். உங்களுக்கு வசதிப்பட்டால் நீங்களும் வரலாம். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் எங்கள் பொறுப்பு, சீனி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.