குரோமைத் திறந்தவுடன பாஸ்வேர்ட் கேக்கிற அந்தப் பெட்டி: எங்க பிழை, எப்பிடித் திருத்திறது

கேள்வி: புதுக்குடியிருப்பில சின்னக் கொமினிகேசன் கடை ஒண்டு வைச்சிருக்கிறன். கடை லப்டொப் பழசு, விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது எண்டதால அக்கான்ர மகன், அறிவியல்நகர் கம்பஸில படிக்கிறவர், லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தவர். நல்லா ஓடுது. ஆனா குரோமைத் திறந்தவுடன 'லொகின் கீரிங்' எண்டு ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேக்குது. ஜீமெயில் பாஸ்வேர்டை அடிச்சா பிழை எண்டுது. கான்சல் அடிச்சா குரோம் திறக்குது, ஆனா சேவ் பண்ணி வைச்ச பாஸ்வேர்ட் ஒண்டும் வராது, ஜீமெயிலும் வெளியில போட்டிடுது. வைஃபைக்கும் இதே பெட்டி வந்தது. கரண்ட் போய் வந்தா மெஷின் தானா உள்ள போகவேணும் எண்டு ஒட்டோ லொகின் போட்டிருக்கு. வேலைக்கு நிண்ட பிள்ளை விட்டுப் போன பிறகு லப்டொப் பாஸ்வேர்டையும் மாத்தினது. இந்தக் கரைச்சலை ஒரேயடியா நிப்பாட்ட ஏலுமோ?

ஏலும் அக்கா. முதல்ல ஒண்டு, அந்தப் பெட்டிக்குள்ள ஜீமெயில் பாஸ்வேர்டை இனி அடிக்காதேங்கோ, அதைக் கேக்கிறது கூகிள் இல்லை. லினக்ஸ் மின்டுக்குள்ள க்னோம் கீரிங் எண்டு ஒரு சாமான் இருக்கு, புரோகிராம்களின்ர பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில பூட்டி வைக்கிறது அதுதான், பெட்டியை அனுப்புறதும் அதுதான். குரோம் நீங்கள் சேவ் பண்ணின பாஸ்வேர்டுகளையும், நீங்கள் உள்ள போனதை ஞாபகம் வைக்கிற லொகின் குக்கிகளையும் தன்ர ஃபோல்டரில பூட்டித்தான் வைச்சிருக்கு, ஆனா அந்தப் பூட்டின்ர திறப்பைத் தன்னட்ட வைக்காமல் கீரிங்குக்குள்ள 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' எண்ட பேரில குடுத்து வைச்சிருக்கு. கீரிங் திறபடாட்டி குரோமுக்குத் தன்ர அலுமாரியையே திறக்க ஏலாது. நீங்கள் கான்சல் அடிக்கேக்க நடக்கிறது இதுதான், பாஸ்வேர்டுகள் அழிஞ்சு போகேல்ல, பூட்டின படி உள்ளதான் கிடக்கு, அதால பயப்பிட வேண்டாம்.

அப்ப மற்ற ஆக்களின்ர மின்டில ஏன் இது வாறேல்ல? லொகின் திரையில நீங்கள் ஒரு பாஸ்வேர்ட் அடிக்கேக்க, அதே பாஸ்வேர்டை சிஸ்டம் பின்பக்கத்தால கீரிங்குக்கும் குடுக்குது. ரெண்டும் ஒண்டெண்டால் கீரிங் சத்தமில்லாமல் திறபடும், அப்பிடி ஒண்டு இருக்கிறதே ஆருக்கும் தெரியாது. பிழைக்கிறது ரெண்டு இடத்தில, ஒண்டு லொகின் பண்ணேக்க பாஸ்வேர்டே அடிபடேல்ல, மற்றது அடிபட்டது ஆனா கீரிங்கின்ர பாஸ்வேர்ட் வேற. உங்கட லப்டொப்பில ரெண்டும் சேர்ந்து நடந்திருக்கு, அதாலதான் ஒண்டைத் திருத்திப் பாத்தாலும் பெட்டி நிக்காமல் திரும்ப வரும், சரி இது திருந்தாத வருத்தம் எண்டு நினைச்சு விட்டிடுவியள்.

எது பிழை எண்டதைப் பெட்டியே சொல்லுது. கியூவில ஆள் நிக்கேக்க ஒருத்தரும் வாசிக்கிறேல்ல, கை தானா கான்சலுக்குப் போயிடும், ஆனா அந்த இங்கிலீஸ் வசனத்தை ஒருக்கா மினக்கெட்டு வாசியுங்கோ. 'நீங்கள் லொகின் பண்ணேக்க லொகின் கீரிங் திறபடேல்ல' எண்ட கருத்தில இருந்தா அது ஒட்டோ லொகினால வந்தது. 'லொகின் பண்ணுற பாஸ்வேர்டும் கீரிங் பாஸ்வேர்டும் இனி ஒண்டா இல்லை' எண்ட கருத்தில இருந்தா பாஸ்வேர்ட் மாத்தினதால வந்தது. உங்களுக்கு இப்ப முதலாவதுதான் தெரியும், ஏனெண்டால் ஒட்டோ லொகின் இருக்கிற வரைக்கும் ரெண்டாவது பிழை வெளியில வராது. ஒட்டோ லொகினை நிப்பாட்டினவுடன ரெண்டாவது வசனம் வந்து நிக்கும், அப்ப 'ஐயோ இன்னும் மோசமாப் போச்சு' எண்டு நினைக்காதேங்கோ.

பாஸ்வேர்ட் மாத்தினா கீரிங்கும் தானா மாறவேணும்தானே எண்டு கேப்பியள். நீங்களே உங்கட கணக்குக்குள்ள நிண்டு, பழைய பாஸ்வேர்டையும் அடிச்சு மாத்தினா மாறும். ஆனா அட்மினாப் போய், பழையதைக் கேக்காத வழியால மாத்தினா, இல்லாட்டி மறந்து போச்செண்டு ரிக்கவரி மோடுக்குள்ள போய் மாத்தினா, கீரிங்குக்குப் பழைய பாஸ்வேர்ட் கிடைக்காது, பழையது இல்லாமல் அதால தன்னைத் திறந்து புதுசாப் பூட்ட ஏலாது, அதால அது பழையதோடயே நிக்கும். மாத்தேக்க பழைய பாஸ்வேர்டைக் கேட்டதோ எண்டு பெறாமகனிட்டக் கேட்டுப் பாருங்கோ, கேக்கேல்ல எண்டால் பிழை அங்கதான்.

இப்ப வேலைக்கு வருவம். பெட்டி வரேக்க பழைய லப்டொப் பாஸ்வேர்டை, அந்தப் பிள்ளை இருக்கேக்க பாவிச்சதை, அடிச்சுப் பாருங்கோ. அடிக்க முதல் திரையின்ர மூலையில கீபோர்ட் எந்த மொழியில நிக்குதெண்டு பாருங்கோ, ஏனெண்டால் உங்களை மாதிரிக் கடையள்ள விண்ணப்பம் கடிதம் எல்லாம் தமிழில அடிச்சுக் குடுக்கிறது, யுனிகோட் தமிழ் லேஅவுட் நிண்டபடி பெட்டி வந்தா நீங்கள் அடிக்கிறது தமிழ் எழுத்தாப் போய் விழும், ஆனா திரையில வெறும் புள்ளிதான் தெரியும், சரியான பாஸ்வேர்டையே பிழை எண்டு சொல்லும். பாமினியில அடிக்கிற ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அதில எழுத்துருதான் தமிழ், கீபோர்ட் இங்கிலீசிலதான் நிக்கும். கப்ஸ் லொக்கையும் ஒருக்காப் பாருங்கோ.

பழையது பிடிச்சா வேலை லேசு. மெனுவில 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' எண்டு ஒரு புரோகிராம் இருக்கும், இல்லாட்டி சொஃப்ட்வெயார் மனேஜரில சீஹோஸ் (seahorse) எண்டு தேடிப் போடுங்கோ. திறந்தா இடப்பக்கத்தில 'லொகின்' எண்டு ஒரு வரி தெரியும், அதில ரைட் கிளிக் பண்ணினா பாஸ்வேர்ட் மாத்திற இடம் வரும். முதல்ல பழையதைக் கேக்கும், பிறகு புதுசை ரெண்டுதரம் கேக்கும், அந்தப் புதுசுக்கு இப்ப லப்டொப்புக்கு என்ன பாஸ்வேர்ட் வைச்சிருக்கிறியளோ அதையே ஒரு எழுத்தும் பிசகாமல் அடியுங்கோ. கீரிங்குக்கு வேற பாஸ்வேர்ட் வைச்சா இன்னும் பாதுகாப்பு எண்டு ஆரும் சொன்னா இந்த இடத்தில கேக்காதேங்கோ, வேறயா வைச்சா ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பழையது ஆருக்கும் ஞாபகமில்லை எண்டால் அந்தக் கீரிங்கைத் திறக்க வேற வழி இல்லை. காசு தந்தா எடுத்துத் தருவன் எண்டு ஆரும் ரவுணில சொன்னா நம்பவேண்டாம். முதல்ல குரோமில கூகிள் கணக்குக்குப் பாஸ்வேர்ட் சிங்க் போட்டிருந்ததோ எண்டு பாருங்கோ, போட்டிருந்தா ஃபோனில அதே கணக்குக்குள்ள போனா எல்லாம் அங்க இருக்கும். சிங்க் இல்லை எண்டால் சேவ் பண்ணினதுகளை ஒவ்வொண்டா 'ஃபொகொட் பாஸ்வேர்ட்' குடுத்துத் திரும்ப எடுக்கவேண்டி வரும், மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ. பிறகு ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலோட எச் எழுத்தை அமத்துங்கோ, புள்ளியில தொடங்கிற மறைச்ச ஃபோல்டருகள் தெரியும், அதில புள்ளி லோக்கல், அதுக்குள்ள ஷேர், அதுக்குள்ள கீரிங்ஸ். அங்க லொகின் கீரிங் எண்ட பேரில ஒரு ஃபைல் இருக்கும், அதை அழிக்காமல் பேரை மட்டும் மாத்தி வையுங்கோ, பின்னால 'பழசு' எண்டு போட்டாலும் காணும். நாளைக்குப் பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் வந்தா அந்த ஃபைலுக்குத் திரும்பப் பழைய பேரைக் குடுத்துத் திறக்கலாம், அழிச்சா அதுவும் இல்லை. பேரை மாத்தின பிறகு லொகவுட் பண்ணிப் பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வந்தா, அதே பாஸ்வேர்டோட புதுக் கீரிங் ஒண்டு தானா உண்டாகும்.

இனி ஒட்டோ லொகின். இதுக்கு ரெண்டு வழி இருக்கு, இன்ரநெட்டில தேடினா முதல் வாறது கீரிங் பாஸ்வேர்டை வெறுமையா விடுறது. பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸில புதுப் பாஸ்வேர்ட் கேக்கிற இடத்தில ஒண்டும் அடிக்காமல் ஓகே குடுத்தா, உள்ளுக்க இருக்கிறது பூட்டில்லாமல் கிடக்கும் எண்டு ஒரு எச்சரிக்கை வரும், அதையும் ஓகே குடுத்தா பெட்டி பிறகு எட்டியும் பாக்காது. வீட்டில படம் பாக்கிற மெஷினுக்கு நான் இதைச் செய்யச் சொல்லுவன். கொமினிகேசனுக்குச் சொல்லமாட்டன். உங்கட லப்டொப்பில என்ன இருக்கெண்டு யோசிச்சுப் பாருங்கோ, அடையாள அட்டைக் கொப்பி, கம்பஸ் விண்ணப்பம் போட வந்த பிள்ளையளுக்கு நீங்களே திறந்து குடுத்த ஈமெயில், அஸ்வெசும நிவாரண விண்ணப்பம் போட வந்த ஆக்களின்ர விவரம், அதுகள்ள பாதியின்ர பாஸ்வேர்ட் 'சேவ் பண்ணவோ' எண்டு குரோம் கேக்கேக்க ஆரோ ஓம் குடுத்ததால உள்ள கிடக்கும். வெறுமையா விட்டால் லப்டொப்பை ரிப்பெயாருக்குக் குடுக்கிற அண்டைக்கு ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வேற மெஷினில கொழுவிற ஆரும் அந்தப் பாஸ்வேர்டுகள் முழுவதையும் வாசிக்கலாம், லப்டொப் பாஸ்வேர்ட் அதைத் தடுக்காது. ஊராக்களின்ர பாஸ்வேர்டைக் கடை மெஷினில சேவ் பண்ணாமல் விடுறதுதான் நல்லது, ஆக்களுக்கு வேலை செய்து குடுக்கேக்க குரோமில கெஸ்ட் மோடைத் திறவுங்கோ, மூடினவுடன பாஸ்வேர்ட் ஒண்டும் மிஞ்சாது.

அதால மற்ற வழி, ஒட்டோ லொகினை நிப்பாட்டுறது. சிஸ்டம் செட்டிங்ஸில 'லொகின் விண்டோ' எண்டு இருக்கு, அதில யூசர்ஸ் பக்கத்தில ஒட்டோமட்டிக் லொகினுக்கு நேர உங்கட யூசர் நேம் போட்டிருக்கும், அதை அழிச்சு வெறுமையா விடுங்கோ. இதே பெட்டி வாற உபுன்டுக்காரர் செட்டிங்ஸில யூசர்ஸ் பக்கத்தில அந்த சுவிச்சை ஓஃப் பண்ணினாச் சரி. கரண்ட் போய் வாற நேரமெல்லாம் பாஸ்வேர்ட் அடிக்கிறது கரைச்சல்தான், ஒத்துக்கொள்ளுறன், ஆனா யோசிச்சுப் பாத்தா இப்பவும் நீங்கள் குரோம் திறக்கேக்க ஒருக்கா அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறியள், அதே ஒரு தரத்தை முன்னுக்கு லொகினில அடிக்கப் போறியள், அவ்வளவுதான். அந்த ஒரு தரத்தோட கீரிங், குரோம், வைஃபை எல்லாம் திறபடும். கரண்டுக்கு வைத்தியம் லப்டொப் பற்றரியை மாத்துறது, அது வேற செலவு.

வைஃபை பெட்டியைத் தனியாவும் நிப்பாட்டலாம். ஃபோன் ஹொட்ஸ்பொட்டோ ரவுட்டரோ, நெட்வேர்க் கனெக்‌ஷன்ஸில அந்தப் பேரை எடிட் பண்ணி ஜெனரல் பக்கத்தில 'எல்லா யூசரும் இதில இணையலாம்' எண்ட கருத்தில ஒரு சரி போடுற இடம் இருக்கும், அதுக்குச் சரி போட்டு, வைஃபை செக்கியூரிட்டி பக்கத்தில பாஸ்வேர்டை ஒருக்காத் திரும்ப அடிச்சு, அந்தக் கட்டத்தின்ர ஓரத்தில இருக்கிற சின்னப் படத்தை அமத்தி எல்லா யூசருக்கும் எண்ட கருத்தில இருக்கிறதைத் தெரிவு செய்து சேவ் பண்ணுங்கோ. பிறகு அது கீரிங்கை விட்டு சிஸ்டத்தின்ர ஃபோல்டருக்குப் போயிடும், லொகினுக்கு முதலே வைஃபை பிடிக்கும்.

இன்னொரு சாதிப் பெட்டியும் இருக்கு, 'டிஃபோல்ட் கீரிங்' எண்டு வேற பேரில கேக்கிறது. மின்ட் போடேக்கயே ஒட்டோ லொகின் தெரிவு செய்த மெஷினுகள்ள இது வரும், லொகின் கீரிங் உண்டாக முதலே குரோம் வந்து கேட்டதால, ஆரோ அந்த நேரம் வாயில வந்த ஒரு பாஸ்வேர்டைக் குடுத்துப் புதுசா ஒண்டு உண்டாக்கியிருப்பினம். அதில பெட்டிக்குக் கீழ, லொகின் பண்ணினாத் தானாத் திறக்கச் சொல்லி ஒரு சரி போடுற இடம் இருக்கும், ஒட்டோ லொகினை நிப்பாட்டின பிறகு அதுக்குச் சரி போட்டு ஒருக்காத் திறந்தாப் போதும்.

கைரேகையில லொகின் பண்ணுற லப்டொப்பும் இதே வருத்தம்தான், விரல் வைச்சா பாஸ்வேர்ட் கீரிங்குக்குப் போகாது, அதால முதல் லொகினுக்கு மட்டும் பாஸ்வேர்ட் அடியுங்கோ. கேடிஈ எண்ட வேற டெஸ்க்டொப் பாவிக்கிற ஆக்களுக்கு வாறது கீரிங் மாதிரியான கேவொலட்டின்ர பெட்டி, அங்க வொலட்டின்ர பேர் மாத்தாமல் 'கேடிஈவொலட்' எண்டே இருக்கவேணும், ஜிபிஜி எண்ட பூட்டு முறையில இல்லாமல் ப்ளோஃபிஷ் எண்ட முறையில உண்டாக்கியிருக்கவேணும், பாஸ்வேர்ட் லொகினோட ஒத்திருக்கவேணும், இந்த மூண்டும் சரியெண்டால் அதுவும் தானாத் திறபடும். கீபாஸ்எக்ஸ்சி, பிட்வோர்டன் மாதிரித் தனியாப் போட்ட பாஸ்வேர்ட் மனேஜர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காக் கேட்டா அது பிழையே இல்லை, சும்மா கிடந்தா பூட்டச் சொல்லி செட்டிங்ஸில நேரம் போட்டிருக்கும், அந்த நேரத்தைக் கூட்டுங்கோ.

எல்லாம் செய்து முடிய லொகவுட்டோட விடாமல் மெஷினை முழுசா ரீஸ்டார்ட் பண்ணி, பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள போய்க் குரோமைத் திறந்து பாருங்கோ. ஜீமெயில் ஒருக்கா மட்டும் திரும்ப லொகின் கேக்கலாம், முந்தி கான்சல் அடிச்சதால வெளியில போனது அது, அதுக்கு ஜீமெயில் பாஸ்வேர்டைக் குடுக்கலாம், கேக்கிறது குரோமுக்குள்ள இருக்கிற கூகிள் பக்கம் எண்டு மேல முகவரியைப் பாத்திட்டு. பிறகும் கீரிங் பெட்டி வந்தா அதில இருக்கிற வசனத்தை ஃபோனில ஒரு படம் எடுத்து பெறாமகனுக்கு அனுப்புங்கோ, 'பாஸ்வேர்ட் கேக்குது' எண்டு சும்மா சொன்னா அவருக்கும் எந்தப் பெட்டி எண்டு விளங்காது.