மில்கிராம், ஸ்டான்ஃபோர்டு சிறை இரண்டையும் விட்டுவிட்டால், சமூக உளவியலில் மிக நன்றாக வடிவமைக்கப்பட்ட சோதனை எது?

பிரபலமான இரண்டையும் (கட்டளைக்குப் பணிந்து இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பார்களா என்று மில்கிராம் பார்த்தது, மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த ஸ்டான்ஃபோர்டு சிறை) நீங்களே முதலில் ஒதுக்கிவிட்டது நல்லதாகப் போயிற்று. முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் பாடம் எடுப்பவன் நான். என் பதில் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட வலிப்புச் சோதனை. அதன் முடிவு பாடப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. அதை எப்படிக் கட்டினார்கள் என்பதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

பின்னணி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூட போலீஸை அழைக்கவில்லை என்றது அந்தச் செய்தி. உடனே நகரத்து மனிதர்களுக்கு ஈவிரக்கம் இல்லை, எல்லோருக்கும் ‘நமக்கேன் வம்பு’ புத்தி வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். டார்லி நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் லட்டானே கொலம்பியாவிலும் இருந்தார்கள். 38 பேர் இருந்தும் ஏன் உதவவில்லை என்று ஊரே கேட்டது. அத்தனை பேர் இருந்ததாலேயே உதவி வராமல் போயிருக்குமோ என்று இவர்கள் கேட்டார்கள்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? ஆட்களின் எண்ணிக்கை மட்டும் மாற வேண்டும், மற்ற எதுவும் இம்மியும் மாறக் கூடாது. தெருவில் இது நடக்காது. கூட்டம் கூடினால் சத்தம், வெளிச்சம், அவரவர் நிற்கும் தூரம் எல்லாமே கூடவே மாறிவிடும்.

அவர்கள் செய்தது இது. அறிமுக உளவியல் வகுப்பு மாணவி ஒருவர் வருகிறார் (பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்). பெருநகரத்துக் கல்லூரி வாழ்க்கையில் வரும் சொந்தப் பிரச்சினைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார்கள். பேசக் கூச்சமாக இருக்கும், அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை, ஹெட்போன், மைக். ஆய்வாளர் கேட்டுக்கொண்டிருந்தால் மனம் திறந்து பேச மாட்டீர்கள், எனவே நாங்கள் கேட்க மாட்டோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மைக்தான் வேலை செய்யும், ஆளுக்கு இரண்டு நிமிடம்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் இதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் மறைவாக ஒரு வேலை உண்டு. தனி அறை என்பதால் மற்றவர்கள் என்று யாருமே இல்லை, வருவதெல்லாம் டேப்பில் பதிந்த குரல்கள் என்பது அந்த மாணவிக்குத் தெரியாது. மற்றவர்கள் உதவப் போனார்களா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லை. ஆய்வாளர் கேட்கவில்லை என்பதால் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று அவர் தலையில் கட்டிவிட முடியாது. ஒரு மைக் மட்டுமே வேலை செய்வதால் “யாராவது போனீர்களா?” என்று மற்றவர்களைக் கேட்கவும் முடியாது. ‘கூச்சமாக இருக்கும்’ என்ற ஒரே ஒரு பொய்யை வைத்து அத்தனை கதவுகளையும் சாத்திவிட்டார்கள். என் மாணவர்களிடம் முதலில் இந்த ஏற்பாட்டை மட்டும் சொல்லி, எது எதற்காக என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். மைக் விஷயத்தில்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்வார்கள்.

முதல் சுற்றில் ஒரு மாணவன் பேசுகிறான். நியூயார்க் ஒத்துவரவில்லை, படிப்பும் சிரமம் என்கிறான். அப்புறம் தயங்கித் தயங்கி, தனக்கு வலிப்பு வரும், பரீட்சை நேரத்தில் அதிகம் வரும் என்கிறான். மற்றவர்கள் பேசி முடித்து, கடைசியில் நம் மாணவியின் முறை. இரண்டாவது சுற்றில் அவன் மறுபடி பேசத் தொடங்கும்போது சொற்கள் குழறுகின்றன, குரல் உயர்கிறது, யாராவது உதவுங்கள் என்கிறான், செத்துவிடுவேன் என்கிறான், மூச்சுத் திணறுகிறது. சுமார் இரண்டு நிமிடத்தில் குரல் நின்றுவிடுகிறது. ஒலித்தது அதே டேப், அதே விநாடிகள். தன்னோடு சேர்த்து எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்று அந்த மாணவி நம்புகிறார் என்பது மட்டுமே ஒரு குழுவுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு.

தான் ஒருத்திதான் கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், குரல் நிற்பதற்குள் அறையை விட்டு வெளியே வந்து தகவல் சொன்னார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியபோது அது 62 சதவீதம். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்றபோது 31 சதவீதம்தான். எடுத்துக்கொண்ட சராசரி நேரமும் 52 விநாடியிலிருந்து 93 ஆகி, 166 விநாடிக்குப் போனது. அந்த ‘இன்னொருவர்’ ஆணா, பெண்ணா, மருத்துவம் படிக்கப்போகிறவரா என்றும் மாற்றிப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

எழுந்து வராதவர்கள் கல்நெஞ்சர்களா? அதுவும் இல்லை. ஆறு நிமிடம் கழித்து ஆய்வாளர் உள்ளே போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அவன் நலமா, யாராவது கவனிக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். உதவக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் இல்லை அவர்கள். எந்த முடிவுக்கும் வர முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதே இருவர் அதே ஆண்டு வெளியிட்ட இன்னொரு சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் சுவர்த் துளை வழியே வெள்ளைப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல் நடிக்கும் இருவரோடு உட்கார்ந்திருந்த 10 பேரில் ஒரே ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். இங்கே ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும். ‘அவர்கள் சும்மா இருக்கிறார்களே, ஒன்றும் இருக்காது’ என்ற தப்புக் கணக்கு இங்கே வேலை செய்கிறது. வலிப்புச் சோதனையில் யார் முகமும் தெரியாததால் அந்தக் கணக்குக்கே இடமில்லை, பொறுப்பு பல தலைகளுக்குப் பிரிந்துபோவது மட்டும்தான் மிச்சம். நிஜ வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வரும். அவற்றைப் பிரித்துக் காட்டியதுதான் இந்தச் சோதனைகளின் பெருமை என்பேன்.

இதில் பலர் செய்யாத ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் கேட்கும்போது ஒவ்வொருவரும் எழுந்து வர 31 சதவீத வாய்ப்பு என்றால், ஒருவராவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 84 சதவீதம். ஒரே ஆள் கேட்டபோதும் அது 85தான். ஆக, வலிப்பு வந்தவனுக்குக் கூட்டத்தால் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. புகை அறைக் கதை வேறு. நடிகர்கள் இல்லாமல் மூன்று மாணவர்களைச் சேர்த்து உட்கார வைத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இருந்தபோது போலவே நடந்திருந்தால் 98 சதவீதக் குழுக்களில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். 8 குழுக்களில் மூன்றில்தான் சொன்னார்கள், அதாவது 38 சதவீதம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கூடுதல் ஆபத்து என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு சிறையை ஏன் இதன் பக்கத்தில் வைக்க மாட்டேன் என்றால், 1971இல் அங்கே நடந்தது ஒரே ஒரு முறை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, ஆய்வாளர் ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளர். எதை மாற்றினால் எது மாறும் என்று அதிலிருந்து சொல்ல வழியே இல்லை. மில்கிராமை அப்படித் தள்ள முடியாது. அவர் தூரத்தை மாற்றினார், இடத்தை மாற்றினார், கூட இருப்பவர்களை மறுக்க வைத்தார். நீங்கள் கேட்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வலிப்புச் சோதனையில் குறைகளும் உண்டு. பெரிய குழுவில் இருந்தவர்கள் வெறும் 13 பேர், எல்லோரும் ஒரே கல்லூரிக்காரர்கள். ஆறு நிமிடம் ஒரு பெண்ணை அப்படி நடுங்க வைப்பதை இன்றைய நெறிமுறைக் குழு லேசில் அனுமதிக்காது. எல்லாவற்றுக்கும் விதை போட்ட அந்தச் செய்தியே பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. கிட்டியின் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து கடைசி நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். 2016இல் அந்த நாளிதழும் தன் பழைய செய்தியில் பிழைகள் இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் செய்தி பொய்த்தாலும் சோதனை பொய்க்கவில்லை. அது 38 பேரை நம்பிக் கட்டியதல்லவே.

ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் 219 தெருச் சண்டைகளை சிசிடிவி பதிவில் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. 10இல் 9 சண்டைகளில் யாராவது ஒருவர் தலையிட்டிருந்தார். இதைக் காட்டி டார்லி, லட்டானே தோற்றுவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த ஆய்வு எண்ணியது ஒருவராவது வந்தாரா என்பதை. இவர்கள் எண்ணியது ஒவ்வொருவரும் வந்தாரா என்பதை. மேலே போட்ட 84 சதவீதக் கணக்கைப் பார்த்தால் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை என்பது புரியும்.

கடைசியாக, இதற்கு ஏன் இவ்வளவு நாடகம், ஒரு கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். டார்லியும் லட்டானேயும் அதையும் செய்து பார்த்தார்கள். மற்றவர்கள் இருந்தது உங்கள் முடிவைப் பாதித்ததா என்று பங்கேற்றவர்களிடம் சுற்றி வளைத்தும் நேராகவும் பக்குவமாகவும் பட்டென்றும் கேட்டார்கள். எப்படிக் கேட்டாலும் கிடைத்த பதில் ஒன்றேதான்: இல்லவே இல்லை.